குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்பதா, வெளியே வீடு எடுப்பதா?

கேள்வி: வணக்கம் கர்னல் சார். நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் மேஜர். சர்வீஸில் பத்தாவது வருடம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். புனேக்குப் போஸ்டிங் வந்திருக்கிறது, யூனிட் வானவ்ரி பக்கம். என் கணவர் சிவிலியன், மென்பொருள் வேலை. எனக்காக ஹிஞ்சவடி அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். எழுபது வயது, சர்க்கரை, முழங்கால் வலி. குவார்ட்டர்ஸ் கிடைக்க ஐந்தாறு மாதம் ஆகும் என்கிறார்கள். கணவர் வாக்கட்டில் மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். வாடகை 38,000, பராமரிப்பு 3,000. என் அடிப்படைச் சம்பளம் 80,000-க்கு அக்கம்பக்கம். "கன்டோன்மென்ட்டுக்குள் நான் மேஜர் வீட்டுக்காரர் மட்டும்தான், வெளியே இருந்தால் நான் நானாக இருப்பேன்" என்கிறார். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் எனக்குக் காலை ஆறு மணிக்கு பி.டி. இரண்டரை, மூன்று வருடம் கழித்து, குடும்பம் கூட வர முடியாத ஃபீல்டு போஸ்டிங்கும் வரும். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வாக்கட் வீட்டுக்கு இப்போது டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். புனேயில் சேர்ந்த அன்றே குவார்ட்டர்ஸ் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். முறை வரும்வரை வானவ்ரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வாடகை வீடு எடுத்து இருங்கள், வந்ததும் உள்ளே போய்விடுங்கள். இதுதான் என் யோசனை. காரணத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் உங்கள் கணவருக்கும் புரிய வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது மாதத்திலேயே வீட்டில் மனத்தாங்கல் வரும்.

முதலில், இது முழுக்க உங்கள் கையில் இருக்கிற தேர்வு இல்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். தனியார் வேலையில் இருப்பவருக்கு இது புரிவது கடினம். ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில், அதாவது அந்த ஊர் ராணுவ நிர்வாக அலுவலகத்தில், குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள். வீடு இல்லையென்றால் 'நான்-அவெய்லபிலிட்டி' சான்றிதழ் தருகிறார்கள், நம் பேச்சில் என்.ஏ.சி. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப்படி, ஓடுகிறது. உங்கள் முறை வந்து, வீடு ஒதுக்கி, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் 'வீடு இல்லை' என்று சான்று தர அவர்களுக்கு வழியில்லை. எச்.ஆர்.ஏ. நின்றுவிடும். வாக்கட்டில் மூன்று வருடம் இருக்கலாம் என்று உங்கள் கணவர் போடுகிற கணக்கு, எச்.ஆர்.ஏ. மூன்று வருடமும் வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அது ஆறாவது மாதமே நிற்கலாம். அப்படி நின்ற பிறகு சொந்தச் செலவில் வெளியே இருக்கவும் அனுமதி வாங்கியாக வேண்டும், அது ஸ்டேஷன் கமாண்டரின் முடிவு.

சரி, எச்.ஆர்.ஏ. வருகிற வரைக்குமான கணக்கைப் பார்ப்போம். எச்.ஆர்.ஏ. கணக்கில் புனே எக்ஸ் வகை, அதாவது பெருநகர வகை. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து எக்ஸ் நகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். உங்களுக்கு மாதம் சுமார் 24,000 வரும். மிலிட்டரி சர்வீஸ் பே 15,500 இந்தக் கணக்கில் சேராது. இளம் அதிகாரிகள் பலர் அதையும் கூட்டிப் போட்டு வாடகையை முடிவு செய்துவிட்டு, முதல் சம்பளத்தில் திகைக்கிறார்கள். புதிய வருமான வரி முறையில் எச்.ஆர்.ஏ.வுக்கு விலக்கும் கிடையாது. உங்கள் வருமானத்துக்கு வரி போகக் கையில் நிற்பது 18,000, 19,000. வாக்கட்டுக்கு வாடகையும் பராமரிப்பும் சேர்த்து 41,000 போகும். மாதம் 22,000 கைப்பணம் போட வேண்டியிருக்கும். இரண்டரை வருடத்துக்கு ஆறரை லட்சத்துக்கு மேல். குவார்ட்டர்ஸில் லைசென்ஸ் ஃபீ என்கிற வீட்டுக் கட்டணம், தண்ணீர், ஃபர்னிச்சர் வாடகை எல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. உங்கள் கணவர் பழைய வரி முறையில் இருந்து, ஒப்பந்தமும் வாடகையும் அவர் பெயரில் ஓடினால் அவர் பக்கம் கொஞ்சம் வரி மிச்சமாகும். இடைவெளி குறையும், மறையாது.

ஆனாலும் இரண்டு சம்பளம் வருகிற வீடு உங்களுடையது. மாதம் 22,000 கொடுத்து எல்லோருக்கும் நிம்மதி கிடைக்குமென்றால் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். கிடைக்காது என்பதால்தான் தடுக்கிறேன்.

வாக்கட்டிலிருந்து வானவ்ரி இருபது கிலோமீட்டருக்கு மேல். ஊரின் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குப் போக வேண்டும். ஆறு மணி பி.டி.க்கு நீங்கள் ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும், அதாவது நாலரைக்கு எழ வேண்டும். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும், முக்கால் மணியில் போய்விடலாம். மாலையில்தான் சோதனை. யூனிவர்சிட்டி சர்க்கிள் வழியாக வந்தாலும் சரி, பைபாஸ் பிடித்தாலும் சரி, ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பி.டி. முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்து, குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்து, பிறகு அலுவலகம் வருவதுதான் கன்டோன்மென்ட் வாழ்க்கையின் பெரிய வசதி. வாக்கட்டில் இருந்தால் அது போய்விடும். மகள் விழிப்பதற்கு முன் கிளம்பி, அவள் தூக்கம் சொக்கும் நேரத்தில் திரும்புவீர்கள்.

உங்கள் கணவரின் பயணமும் லேசானதில்லை. வானவ்ரியிலிருந்து ஹிஞ்சவடி இன்னும் தூரம். ஆனால் அவருக்கு அது வாரத்தில் மூன்று நாள். நேரத்தை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களின் பஸ்கள் நகரத்தின் இந்தப் பக்கமும் வருகின்றன, ஏறி உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கலாம். மழை கொட்டுகிற நாளில் இன்று வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். உங்கள் வேலையில் அந்த வார்த்தையே கிடையாது. திடீர் அழைப்பு வரும், எக்சர்சைஸ் என்கிற போர்ப்பயிற்சி வரும், விடிய விடிய கன்ட்ரோல் ரூமில் உட்கார வேண்டிய இரவு வரும். எவருடைய நேரம் வளையாதோ அவருக்குப் பக்கத்தில் வீடு இருக்கட்டும். அதிகாரி ஆணோ பெண்ணோ, எல்லாக் குடும்பத்துக்கும் இதையே சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் கணவர் சொன்னது. அதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அதற்காகச் சந்தோஷப்படுகிறேன்.

மருத்துவப் பிரிவைத் தாண்டி ராணுவத்தின் மற்றப் பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாக வரத் தொடங்கியது 1992-இல். 2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகுதான் பெரும்பாலான பிரிவுகளில் நிரந்தரக் கமிஷனும் கட்டளைப் பொறுப்புகளும் திறந்தன. உங்களைப் போலச் சென்னை ஓ.டி.ஏ.வில், அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்துப் போன பெண்கள் இன்று கர்னலாக யூனிட்டை நடத்துகிறார்கள். கன்டோன்மென்ட்டின் குடும்ப வாழ்க்கை மட்டும் இன்னும் அதிகாரியின் மனைவியை மனதில் வைத்தே நடக்கிறது. ராணுவக் குடும்பப் பெண்களின் நலச் சங்கமான ஆவ்வாவின் கூட்டங்கள், லேடீஸ் மீட், வெல்கம் டீ எல்லாம் அப்படித்தான். மெஸ் விருந்தில் அதிகாரிகள் ஒரு பக்கம், மனைவிமார் ஒரு பக்கம் நிற்பார்கள். இதில் உங்கள் கணவர் எந்தப் பக்கம் நிற்பார்? அதிகாரிகள் பேசுவது யூனிட் சமாச்சாரம், அதில் அவருக்கு இடமில்லை. மறுபக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் அவமதிக்கவில்லை, ஆனாலும் இரண்டு மணி நேரம் ஜூஸ் கிளாஸைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பது ஒரு மனிதனுக்கு வலிக்கும். அதை அவர் உங்களிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். பல ஆண்கள் சொல்லாமல் உள்ளே வைத்துக் கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

வாக்கட்டுக்குப் போவதால் இது தீராது. உங்கள் விருந்துகள் அப்போதும் இருக்கும், அவர் இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து அதே இடத்தில் நிற்பார். இதை வேறு வகையில்தான் சரிசெய்ய வேண்டும். புது யூனிட்டில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் சி.ஓ.விடம், அதாவது யூனிட் தலைவரிடம், நேராகப் பேசுங்கள். "சார், என் கணவர் சிவிலியன், வேலையில் இருக்கிறார், எல்லா நிகழ்ச்சிக்கும் வர முடியாது, முக்கியமானவற்றுக்கு வருவார்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சங்கடமான விஷயமாக நினைக்காதீர்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலான சி.ஓ.க்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டால்தான் "மேஜரின் கணவர் ஒதுங்கியே இருக்கிறார்" என்ற பேச்சு கிளம்பும். எங்கே அறிமுகப்படுத்தினாலும் முதலில் அவர் பெயர், அப்புறம் அவர் செய்யும் வேலை, கடைசியில்தான் 'என் கணவர்'. சார்ந்தோருக்கான அடையாள அட்டையும் வண்டிப் பாஸும் அவர் பெயரில் முதல் மாதமே எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்டில் நின்று "மேஜர் மேடத்துக்குப் போன் போடுங்கள்" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தால், எத்தனை நல்ல வீடு கிடைத்தாலும் அவருக்கு அது அந்நிய இடம்தான்.

வீட்டுக்குள் அவருக்கென்று கதவு மூடுகிற ஓர் அறை வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு நெட் ஒழுங்காக வராவிட்டால் வேலையே நடக்காது. கன்டோன்மென்ட்டின் எல்லாப் பகுதிக்கும் எல்லா ஃபைபர் கம்பெனியும் வராது. பழைய கல் கட்டடங்களில் மொபைல் சிக்னலும் சுவரைத் தாண்டத் தயங்கும். எந்த பிளாக்கில் எந்த இணைப்பு வருகிறது என்பதை அங்கே குடியிருக்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸில் அடுக்குமாடிச் சொசைட்டி மாதிரி ஜெனரேட்டர் பேக்கப் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த ஐந்தாறு மாத இடைவெளியில் எங்கே இருப்பது? வானவ்ரி, ஃபாத்திமா நகர், சாலுங்கே விஹார் பக்கம் பாருங்கள். சாலுங்கே விஹார் ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு, அதாவது ஏ.டபிள்யூ.எச்.ஓ. கட்டிய குடியிருப்பு. ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறையப் பேருக்கு அங்கே வீடு இருக்கிறது. திடீரென்று காலி செய்ய வேண்டிவரும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் கணவருக்கும் அது நல்ல தொடக்கம். கன்டோன்மென்ட்டுக்கு வெளியேதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் வாழ்க்கை தெரியும். இரண்டு படுக்கையறை போதும். சாமான் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். பாதிப் பெட்டியைக் கட்டியபடியே வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மகாராஷ்டிரத்தில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற பெயரில் போடுவார்கள், வழக்கமாகப் பதினோரு மாதம். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி அதை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பதினோரு மாதமென்றால் பதிவு வேண்டாம் என்று பழகிவந்த நம்மவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். பதிவை ஆன்லைனிலேயே முடிக்கலாம், புரோக்கர்கள் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் 'லாக்-இன்' என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காலத்துக்குள் காலி செய்தால் மிச்ச மாதத்துக்கும் வாடகை கட்ட வேண்டும் என்று அர்த்தம். அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால், "அரசுக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டாலோ, இடமாற்றம் வந்தாலோ ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், முழு டெபாசிட்டும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

நான் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் மேசையில் இருந்த காலத்தில் ஓர் இளம் கேப்டன் வந்தார். பதினோரு மாத லாக்-இன் போட்டு வீடு எடுத்திருந்தார். நான்காம் மாதமே அவர் முறை வந்துவிட்டது. குவார்ட்டர்ஸை மறுத்தால் எச்.ஆர்.ஏ. போகும், ஏற்றால் ஏழு மாத வாடகை வீண். மனைவி அப்போது நிறைமாதம். எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்ததுதான். கடைசியில் அவர் இரண்டு இடத்துக்கும் பணம் கட்டினார். அந்த ஒரு வரியைக் கவனித்திருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது.

இடமாற்றத்துக்குக் கிடைக்கும் காம்போசிட் டிரான்ஸ்ஃபர் கிராண்ட், அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம், புனேக்கு வந்து சேர்வதற்கு ஒருமுறைதான். வாடகை வீட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு மாறும் செலவு உங்களுடையது. பக்கத்திலேயே வீடு எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். நாலு கிலோமீட்டருக்கு ஒரு லாரி போதும்.

அதைவிடப் பெரிய காரணம் மகளின் பள்ளி. ஆறு வயதுக் குழந்தை வாக்கட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்து, ஆறு மாதத்தில் வானவ்ரிக்கு மாறினால் ஒரே வருடத்தில் இரண்டு வகுப்பறை. வானவ்ரி பக்கமே இருந்தால் ஒரு முறை சேர்த்தால் போதும், வீடு மாறினாலும் பள்ளி மாறாது. ஆர்மி பப்ளிக் ஸ்கூலும் கேந்திரிய வித்யாலயாவும் அந்தப் பக்கமே இருக்கின்றன. உங்களுக்கு அடுத்தடுத்து இடமாற்றம் இருக்கும் என்பதால் நான் கே.வி.யைத்தான் சொல்வேன். சேர்க்கையில் மத்திய அரசு ஊழியர் குழந்தைகளுக்கு முன்னுரிமை உண்டு. ஒரு கே.வி.யில் படிக்கும் குழந்தை பெற்றோரின் இடமாற்றத்தோடு அடுத்த ஊர் கே.வி.க்குப் போவதும் சுலபம். தமிழ் அங்கே கிடைக்காது. அது பாட்டியின் பொறுப்பு, அவருக்கும் பொழுது போகும்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். உங்களைச் சார்ந்தவராக அவர் பதிவாகியிருந்தால் ராணுவ மருத்துவமனைச் சிகிச்சை உண்டு. தெற்குக் கட்டளையின் கமாண்ட் ஹாஸ்பிட்டல் வானவ்ரியில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் பரிசோதனையும் மருந்தும் பக்கத்திலேயே என்பது சின்ன விஷயமில்லை. பதிவு செய்யவில்லையென்றால் புனே வருவதற்கு முன்பே அந்த வேலையை முடியுங்கள், சார்ந்தோர் என்பதற்கு வருமான வரம்பு உண்டு. குவார்ட்டர்ஸ் விண்ணப்பத்தோடு அவருடைய முழங்கால் பிரச்சினைக்கு மருத்துவச் சான்று இணைத்துத் தரைத்தளம் கேளுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தரைத்தளம்தான் வேண்டும் என்றால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டிவரலாம், காத்திருங்கள். மேல்மாடி கிடைத்தால் அம்மா வீட்டை விட்டு இறங்கவே மாட்டார். கீழே இருந்தால் காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கத்து எம்ப்ரஸ் கார்டன் வரைக்கும் போய் நடந்துவிட்டு வரலாம். தமிழ்ப் பேச்சுக்கு ஏங்கினால் ராஸ்தா பேட், கட்கி இரண்டு இடத்திலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்கள் உண்டு.

குவார்ட்டர்ஸ் என்றால் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். சில வீடுகள் அருமையாக இருக்கும், பெரிய அறைகள், முன்னால் மரம், குழந்தைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டும் தெரு. சில வீடுகளில் ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஊறும், கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் எம்.இ.எஸ். பிரிவின் கம்ப்ளைன்ட் புத்தகத்தில் எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருமணமான வீரர்கள், அதிகாரிகளுக்கான குடியிருப்புத் திட்டம் 2002-இல் தொடங்கிப் பல கட்டமாகக் கட்டிவந்தும் வரிசை தீரவில்லை. கிடைக்கும் வீடு புதிதா பழையதா என்பது அதிர்ஷ்டம்தான். இன்னொன்றும் இருக்கிறது, வேலை உங்கள் வாசல்வரை வரும். மாடியில் இருப்பவர் நாளை உங்கள் பணி மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திடுகிறவராக இருக்கலாம். மகள் சண்டை போடும் பையன் உங்கள் சீனியரின் மகனாக இருக்கலாம். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் உங்கள் யூனிட் அதிகாரிகள் அதிகம் இல்லாத பிளாக்கைக் கேளுங்கள். சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், ஒரே யூனிட் என்றால் உதவி கிடைக்கும் என்று. உதவி எந்த பிளாக்கிலும் கிடைக்கும். கன்டோன்மென்ட்டில் நடுராத்திரி கதவைத் தட்டினால் திறக்காத வீட்டை நான் பார்த்ததில்லை.

இனி ஃபீல்டு போஸ்டிங். இங்கேதான் உங்கள் கணவரின் வாக்கட் யோசனைக்கு வேளை வரும். நீங்கள் ஃபீல்டுக்குப் போனபிறகு குடும்பம் புனேயிலேயே இருக்க இரண்டு வழி உண்டு. எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ், அதாவது பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான வீட்டுக்கு மனுப் போடலாம். அல்லது குடும்பத்தை வெளியே வாடகை வீட்டில் வைத்து, அதைத் தேர்ந்தெடுத்த வசிப்பிடமாகக் காட்டி எச்.ஆர்.ஏ. வாங்கலாம். அப்போது நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நீங்கள் இல்லாத கன்டோன்மென்ட்டில் அவர் மட்டும் குழந்தையோடும் மாமியாரோடும் இருந்து, தினம் ஊரைக் கடந்து வேலைக்குப் போவது நியாயமில்லை. அந்த இரண்டு வருடம் வீட்டைத் தாங்கப்போகிறவர் அவர். வாக்கட்டோ பானேரோ, அவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில், அவர் நண்பர்கள் இருக்கும் இடத்தில் வீடு இருக்கட்டும். ஆர்டர் பள்ளி ஆண்டின் நடுவில் வந்தால், படிப்பைக் காரணம் காட்டி ஆண்டு முடியும்வரை குவார்ட்டர்ஸில் தொடர அனுமதி கேளுங்கள், அதற்கு வழியுண்டு.

இதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டரை வருடம் என் வேலைக்குப் பக்கத்தில், அப்புறம் உங்கள் வேலைக்குப் பக்கத்தில் என்று. உங்களுக்காக ஊர் மாறி, உங்கள் அம்மாவையும் சேர்த்துக் குடும்பத்தைச் சுமக்கிற மனிதருக்கு, தன் முறை எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு வந்து வீடு பார்க்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச்-இன் பட்டியலை, அதாவது குடிபுகும்போது வீட்டில் இருப்பதை எழுதித் தரும் பட்டியலை, அவரே கையில் வைத்துச் சரிபார்க்கட்டும். ஃபேன் எத்தனை, கீஸர் ஓடுகிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, சிங்க் விரிசலா, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எம்.இ.எஸ். ஆள் முன்னிலையில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எழுதாமல் விட்ட விரிசல் எல்லாம் மார்ச்-அவுட் அன்று, வீட்டைக் காலி செய்யும்போது, பேரக் டேமேஜ் என்கிற சேதக் கட்டணமாக உங்கள் கணக்கில் ஏறும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கர்னல்